வலது திரை, கீழ் மூலை

வாசல் மணி அடித்தது. உள்ளே யாரும் அசைவதற்குள் மறுபடியும் அடித்தது.

அம்மாவின் போன் வந்ததும் ஓடி வந்திருந்த ஷிஹோ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"போலீஸ்தான்," என்றாள் அம்மா தொமியெ. பெப்பு வெந்நீர் ஊற்றிலிருந்து காலை வண்டியில் திரும்பியவள் பயணக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. மாதர் சங்கத்தோடு ஒரே ஒரு ராத்திரி தங்கப் போயிருந்தாள். வாங்கி வந்த இனிப்புக் கொழுக்கட்டைப் பெட்டி பிரிக்காமல் சமையல் மேடையில் இருந்தது. "ஆம்புலன்ஸ்காரங்க சொல்லிட்டுத்தானே போனாங்க? உயிர் போயி ரொம்ப நேரமாச்சு, வீட்டுல தனியா இருந்தப்போ போனதால போலீஸ் வந்து பார்க்கணும்னு. போய்க் கதவைத் திற."

இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் கோமாய், தலை பாதி நரைத்தவர். இன்னொருவர் கழுத்தில் கேமராவோடு ஓர் இளைஞர். பின்னால் கைப்பெட்டியோடு ஒரு டாக்டர். காலணிகளைக் கழற்றி வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"இந்த நேரத்துல வந்து தொந்தரவு பண்றோம், மன்னிக்கணும். வழக்கமா செய்யறதுதான். பயப்படாதீங்க," என்றார் கோமாய்.

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் ஷிஹோவுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அப்பா இசாவோ தன் வேலை அறையில், நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் கிடந்தார். மேலே பஞ்சு வைத்துத் தைத்த அவருடைய குளிர்காலச் சட்டை. மேஜையில் மூன்று மானிட்டர்கள் வரிசையாக, மூன்றும் கறுப்பாக, கண் மூடியது போல இருந்தன.

மூன்று பேரும் முதலில் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். பிறகு இளைஞர் படம் எடுக்கத் தொடங்கினார்.

"இந்தச் சட்டையைப் போர்த்தினது?"

"நான்தான்," என்றாள் அம்மா. "குளிருமேன்னு."

கோமாய் தலையசைத்தார். "வேற எதையாவது நகர்த்தினீங்களாம்மா? இந்த ரூம்ல?"

"இல்லைங்க."

"நேத்து கடைசியா இவரோட இருந்தது யாரு?"

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். ஷிஹோவுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "நான். நான் மக. மதியம் வந்தேன். ராத்திரி சாப்பாடு போட்டுட்டுக் கிளம்பினேன்."

"எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தார். மீன் சாற்றில வேகவச்ச முள்ளங்கி ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'நீ கிளம்பு, வண்டியைத் தவற விடாதே'ன்னு அவர்தான் விரட்டினார்."

"அப்புறம் உங்களைக் கூப்பிட்டாரா? போன் ஏதாவது?"

"இல்லை."

அப்பாவிடமிருந்து அழைப்பு வரவில்லை என்பது உண்மைதான். ஏன் வரவில்லை என்பதுதான் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

டாக்டர் எழுந்து கையுறையைக் கழற்றினார். "இதயம். வெளிக்காயம் எதுவும் இல்லை."

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா?" அம்மா கேட்டாள்.

டாக்டர் நேர்மையான மனுஷர். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "உடனே போயிருக்கலாம். அரை மணிகூட இருந்திருக்கலாம். சொல்ல முடியாதுங்க."

அரை மணி.

*

அப்பா ரயில்வேயில் கார்டாகச் சேர்ந்து, பிறகு கால அட்டவணை வரைந்தவர். எந்த வண்டி எங்கே நின்று எதற்கு வழிவிட வேண்டும் என்று கோடு கோடாக இழுப்பதுதான் அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகு மோஜி நகரத்துச் சின்னப் பேருந்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே அட்டவணை போட்டுக் கொடுத்தார். மூன்று மானிட்டர் வந்தது அதற்காகத்தான்.

பிறகு கண் போனது. முழுசாகப் போகவில்லை, நடுப்பார்வை மட்டும் போயிற்று. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு கறுப்பு வட்டம். ஓரங்களில் மட்டும் நிழலாட்டம். எழுத்து படிக்க முடியாது. ஐகான்களின் படம் தெரியாது. ஆனால் எது எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியும். ரயில்வேக்காரருக்கு அது போதும்.

தினமும் காலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். வெள்ளைக் கையுறைதான் பாக்கி. வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, பிளாட்பாரத்தில் நிற்கிற கார்டு மாதிரி சத்தமாகச் சொல்வார்:

"இடது திரை, மேல் மூலை, வானிலை. யோஷி!"

யோஷி என்றால் சரி; ரயில்வேயில் எதையும் இப்படி விரல் நீட்டிச் சொல்லித்தான் சரிபார்ப்பார்கள். சிக்னல் சரி, கதவு சரி, தண்டவாளம் சரி. நாற்பது வருஷப் பழக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அதுக்குக் கீழே, படங்கள். யோஷி! நடுத்திரை, மேல் வரிசை, அட்டவணை. யோஷி!" என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில், "வலது திரை, கீழ் மூலை, ஷிஹோ. யோஷி!"

அந்தக் கடைசி ஐகானை வைத்துக் கொடுத்தது ஷிஹோதான். இரண்டு தட்டுத் தட்டினால் அவளுடைய போன் அடிக்கும். போனில் எண்களை அழுத்த அவரால் முடியாது. "அப்பா, எதையும் பார்க்க வேணாம். மவுஸை வலது பக்கம், கீழே, முட்டிக்கிற வரைக்கும் தள்ளுங்க. அதுக்கு மேல போகாது. அங்கதான் நான் இருப்பேன். ரெண்டு தட்டு."

"கடைசி ஸ்டேஷன்," என்று சிரித்தார் அப்பா. "அதுக்கு மேல தண்டவாளம் இல்லை."

இதைத் தினமும் கேட்டுக்கொண்டே அம்மா சமையலறையில் சோயா சூப் கலக்குவாள். அவளும் முதியோர் கம்ப்யூட்டர் வகுப்புக்குச் சில வாரம் போனவள்தான். சீட்டுகளை இழுத்து இழுத்து அடுக்குகிற விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டதும், "இது போதும், மீதியை உங்கப்பா பார்த்துப்பார்" என்று நின்றுவிட்டாள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஓர் எதிரி உண்டு. ஒசாகாவில் இருக்கும் அண்ணன் கென்சாகு, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வந்து எச்சரித்துவிட்டுப் போவான். "கேபிளை மட்டும் யாரும் பிடுங்காதீங்க. ஒரு திரையைப் பிடுங்கினா அதுல இருக்கிற ஐகான் எல்லாம் பயந்து அடுத்த திரைக்கு ஓடிடும். திரும்ப மாட்டினாலும் வீட்டுக்கு வராது. ஷிஹோ, முக்கியமா நீ தொடாதே. உன் கை பட்டா நல்ல கடிகாரமும் நின்னுடும்."

நேற்று மதியம் ஷிஹோ பிடுங்கினாள்.

சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு விளம்பரத் தாள் வடிவமைப்பது அவள் வேலை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முள்ளங்கி விலையை மாற்றி உடனே அனுப்பு என்று ஆபீஸில் கத்தினார்கள். அவளுடைய மடிக்கணினித் திரையில் அத்தனை பெரிய தாள் தெரியவில்லை. ஒரு மணி நேரம்தானே என்று அப்பாவின் வலது மானிட்டர் கேபிளைப் பிடுங்கி, தன் வெள்ளை அடாப்டரை வைத்துத் தன் கணினியில் மாட்டிக்கொண்டாள். வேலையை முடித்துத் திரும்ப மாட்டியபோது பார்த்தால், இடது திரையின் நடுவில் அத்தனை ஐகானும் ஒன்றன்மேல் ஒன்றாக, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மாதிரி நின்றிருந்தது. வலது திரை காலி. கீழ் மூலை காலி.

அடுக்கிவிடலாம் என்று உட்காரும்போது அப்பா எழுந்து வந்துவிட்டார்.

"என்னடி பண்றே அங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

கணினியை அணைத்துவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டினாள்.

அவ்வளவுதான் நடந்தது. போலீஸ்காரருக்குச் சொல்லக்கூட ஒன்றுமில்லாத விஷயம்.

*

போலீஸ் போன கொஞ்ச நேரத்தில் ஈமச் சடங்கு நிலையத்து மியாதானி ஆட்களோடு வந்துவிட்டார். பக்கத்துப் பாய் அறையில் மெத்தை விரித்து, வடக்கே தலை வைத்து, அப்பாவைப் படுக்கவைத்து, வயிற்றுப் பக்கம் உலர்பனிக் கட்டிகளை வைத்தார்கள். அம்மா அவருடைய சாப்பாட்டுக் கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் அவர் சாப்பிடும் குச்சிகளை நட்டு, தலைமாட்டில் வைத்தாள். ஊதுபத்தி ஏற்றினாள்.

எல்லோரும் அங்கே இருந்த சமயம் பார்த்து ஷிஹோ வேலை அறை வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

அடாப்டர்.

நேற்று கேபிளைத் திரும்ப மாட்டியபோது அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எடுத்துப் பைக்குள் போட்ட ஞாபகம் இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சார்ஜர், லிப்ஸ்டிக், கசங்கிய ரசீதுகள். அடாப்டர் இல்லை. மேஜையில் பார்த்தாள். விசைப்பலகைக்கு அடியில், மானிட்டர்களுக்குப் பின்னால், தரையில். எங்கும் இல்லை.

யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்தக் கேமரா இளைஞனா? அவன் மேஜையையும் படம் எடுத்தானே. கோமாய் போகும்போது ஏன் அப்படித் திரும்பிப் பார்த்தார்? நாளைக்கு வந்து, "இது யாருடையதம்மா?" என்று கேட்டால்? வெளியே பிப்ரவரிக் காற்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

கணினியை உயிர்ப்பித்து, யாரும் பார்ப்பதற்குள் அடுக்கிவிட்டால் என்ன? ஆனால் வரிசை அவளுக்குத் தெரியாது. முதலும் கடைசியும்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவள் நடுவில் இருக்கிற ஸ்டேஷன்களை எங்கே கேட்டாள்?

விரலை நீட்டினாள். பொத்தானுக்கு அரை விரற்கடை இருக்கும்போது,

"ஷிஹோ!"

துள்ளி விழுந்தாள். பாய் அறையிலிருந்து அம்மா. "ஊதுபத்தியைப் பார்த்துக்கோ. அணையக் கூடாது. நான் கோட்டைக் கழட்டிட்டு வரேன்."

அம்மா அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்.

*

மதியத்துக்குள் கென்சாகு புல்லட் ரயிலில் வந்து சேர்ந்தான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, ஒசாகாவின் அவசர நடை. அப்பாவின் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, எழுந்து, வேலைகளில் இறங்கிவிட்டான். அழத் தெரியாதவர்களுக்கு அதுதான் வழி.

"படம் வேணுமே," என்றார் மியாதானி பணிவாக. "அஞ்சலிக்கு வைக்கிற படம். மூணு மணிக்குள்ள குடுத்தீங்கன்னா பெரிசு பண்ணிச் சட்டம் போட்டுடுவோம். நல்ல முகமா ஒண்ணு."

"எல்லாம் அவர் கம்ப்யூட்டர்லதான் இருக்கு," என்று கென்சாகு எழுந்தான்.

ஷிஹோ குறுக்கே நின்றாள். "இருண்ணா. ஆல்பத்துல தேடுவோம். அலமாரியில பழைய ஆல்பம் இருக்கும்."

"ஆல்பத்துல அவருக்கு முப்பது வயசுடி. வர்றவங்க யாரு செத்ததுன்னு கேட்பாங்க."

"என் போன்ல..."

"உன் போன்ல நீயும் சாப்பாடும்தான் இருக்கும். தள்ளு." அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன ஆச்சு உனக்கு? மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. சாப்பிட்டியா?"

அவள் நகரவில்லை. அவன் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போய், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அந்தச் சத்தம் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருந்தது. இடது திரை விழித்தது. நடுத்திரை விழித்தது. வலது திரை ஒரு நொடி தயங்கி, அதுவும் விழித்தது.

ஷிஹோ தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ சொல்லப் போகிறான். யார் கேபிளைப் பிடுங்கினது என்று கேட்கப் போகிறான். அம்மாவுக்குக் கேட்கும். மியாதானிக்குக் கேட்கும். செத்துக் கிடக்கிற அப்பாவுக்குக் கேட்கும். கடைசி ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார், அங்கே ஸ்டேஷனே இல்லை என்று ஊருக்கே தெரியும்.

கென்சாகு மூன்று திரைகளையும் இடமிருந்து வலமாகப் பார்த்தான்.

"அடேங்கப்பா," என்றான் கடைசியில். மெதுவாக.

ஷிஹோ நிமிர்ந்து பார்த்தாள்.

வானிலை இடது திரையில், மேல் மூலையில். அதற்குக் கீழே படங்கள். நடுத்திரையின் மேல் வரிசையில் அட்டவணை. வலது திரையில் ரேடியோ, அஞ்சல். கீழ் மூலையில், சுவரோடு ஒட்டி, அவளுடைய பெயர்.

அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"பார்த்தியா?" என்றான் கென்சாகு. "ஒண்ணுகூட இடம் மாறலை. நான் பயந்துக்கிட்டே வந்தேன்டி, தெரியுமா? ஐகான் இடத்தை ஞாபகம் வச்சுக்கிற ஒரு மென்பொருள் இருக்கு. ஒரு தடவை போட்டுட்டா, திரையைப் பிடுங்கினாலும் மாட்டினாலும் எல்லாத்தையும் பழைய இடத்துல கொண்டு வந்து நிறுத்திடும். ஒவ்வொரு புத்தாண்டும் போட்டுத் தரேன்னு சொல்லுவேன். சாக்கே குடிச்சிட்டுத் தூங்கிடுவேன். வண்டியில வரும்போதெல்லாம் அதேதான் ஞாபகம். கடைசி நேரத்துல ஏதாவது மாறிப் போயி, உன்னைக் கூப்பிட முடியாம..." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நல்லவேளை. அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். யார் தப்பும் இல்லை."

ஷிஹோ உதட்டை நனைத்துக்கொண்டாள். "அண்ணா. சும்மா கேட்கிறேன். அந்த மென்பொருள் இல்லாமலே, தானா பழைய இடத்துக்குத் திரும்புமா? அணைச்சுப் போட்டா?"

"சில நேரம் திரும்பும். மெஷினுக்கும் மூடு இருக்கில்ல?"

திரும்பியிருக்கிறது. நேற்றே திரும்பியிருக்கிறது. அப்பா உட்கார்ந்திருந்தால், தள்ளியிருந்தால், அவள் அங்கே இருந்திருப்பாள். அவருக்கு நேரம் இல்லை. அவ்வளவுதான்.

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவளுக்குத் திடீரென்று பசித்தது. சமையலறைக்குப் போய், அம்மா பிடித்து வைத்திருந்த சோற்று உருண்டையை நின்றுகொண்டே தின்றாள். உள்ளே ஊறுகாய்ப் பிளம் இருந்தது. புளிப்பில் கண்ணில் நீர் வந்தது. வந்ததை அப்படியே விட்டாள். அம்மா அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா தின்னுடி. விக்கப் போவுது," என்றாள்.

கென்சாகு ஒரு படத்தைக் கண்டுபிடித்திருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் பிளாட்பாரத்தில் எடுத்தது. தொப்பி, வெள்ளைக் கையுறை, நீட்டிய விரல், வாய் பாதி திறந்து, யோஷி என்று சொல்கிற முகம்.

"அருமையான முகம்," என்றார் மியாதானி. "விரலை மட்டும் வெட்டிடலாம். சட்டத்துக்குள்ள வராது."

*

மறுநாள் காலையில் உடலைப் பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. மியாதானி வருவதற்கு முன், அப்பாவின் நண்பர்களுக்குத் தகவல் சொல்ல முகவரிகள் வேண்டுமென்று கென்சாகு ஷிஹோவை அனுப்பினான்.

இப்போது அவளுக்கு அந்த அறை பயமாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். திரைகள் விழித்தன. அப்பா மாதிரி விரலை நீட்டிப் பார்த்தாள். இடது திரை, மேல் மூலை. விரல் கீழே இறங்கி, திரையின் நடுவுக்கு வந்தது.

அங்கே குப்பைத்தொட்டி இருந்தது.

நேற்று கண்ணில் படவில்லை. பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டதில் தப்பிவிட்டது. குப்பைத்தொட்டியின் இடம் இடது திரையின் கீழ் மூலை. அது அவளுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை அதைக் காலி செய்து கொடுப்பது அவள்தான். அப்பா அதை மட்டும் காலையில் கூப்பிட மாட்டார். "குப்பைக்கு என்னடி பரிசோதனை? அது எங்க நின்னா என்ன?" என்பார்.

இப்போது அது இடது திரையின் நடுவில் தனியாக நின்றது. முந்தாநாள் அத்தனையும் கும்பலாக ஒதுங்கி நின்ற அதே இடத்தில்.

இயந்திரம் தானாகத் திருப்பி வைத்திருந்தால் குப்பைத்தொட்டியையும் திருப்பி வைத்திருக்கும். அப்பா வைத்திருக்க முடியாது. நேராகப் பார்க்கிற எதுவுமே அவருக்குக் கறுப்பு. கென்சாகு வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. யாரோ ஒவ்வொன்றாக இழுத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அப்பா வாய்விட்டுச் சொன்னது அத்தனையும் தெரிந்த யாரோ. சொல்லாதது ஒன்று மட்டும் தெரியாத யாரோ.

அவள் அணைத்துவிட்டுப் போன கணினியை அப்பா ராத்திரி உயிர்ப்பித்திருந்தால்தான் அந்தக் கும்பல் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. முந்தாநாள் ராத்திரி அந்த மவுஸை வலது பக்கம், கீழே, முட்டிக்கிற வரைக்கும் தள்ளிய இன்னொரு கை. இரண்டு தட்டு. ஒன்றுமில்லை. மறுபடியும் இரண்டு தட்டு.

"ஷிஹோ! பெட்டி வந்தாச்சு!" என்று கென்சாகு கூப்பிட்டான்.

*

வெள்ளை மரப்பெட்டி. யாத்திரை போகிறவருக்குப் போல வெள்ளை உடுப்பு, வைக்கோல் செருப்பு, கைத்தடி. எல்லோருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஷிஹோ கால்பக்கம் பிடித்தாள். கனம் தெரியவில்லை, குளிர்தான் தெரிந்தது.

"அவருக்குப் பிடிச்சது ஏதாவது கூட வைக்கலாம்," என்றார் மியாதானி. "உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். எரியறதா இருக்கணும்."

கென்சாகு ஒரு பழைய அட்டவணைத் தாளை மடித்து மார்புமேல் வைத்தான். கோடு கோடாக ஓடியது தாள். அம்மா ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வைத்தாள். பிறகு மியாதானியும் கென்சாகுவும் வாசலில் வண்டிக்கு வழி செய்யப் போனார்கள்.

அறையில் அம்மாவும் ஷிஹோவும் பெட்டியும்.

அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"காலுக்கு வைக்கோல் செருப்பு. யோஷி," என்றாள் தாழ்ந்த குரலில். விரல் நகர்ந்தது. "பக்கத்துல கைத்தடி. யோஷி. மார்புல அட்டவணை. யோஷி. அதுக்கு மேலே கையுறை. யோஷி."

அதே நிறுத்தம், அதே இழுவை. அடுப்படியில் நின்று காது வழியாகவே மனப்பாடம் செய்த பாட்டு.

ஷிஹோ பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். "அம்மா," என்றாள்.

அம்மா விரலை மடக்கினாள். கறுப்பு உடையின் இடுப்புக் கச்சைக்குள் கை விட்டு எதையோ எடுத்தாள். ஷிஹோவின் கையைப் பிடித்து, அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். ஒரு விரல் நீளம். உடம்புச் சூடு ஏறிய வெள்ளை அடாப்டர்.

"இது எரியாதாம்டி. நீயே வச்சுக்கோ."

வாசலில் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா கையுறையின் ஓரத்தைச் சரி செய்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பெரிய போலீஸ்காரர், இங்க எதையாவது நகர்த்தினீங்களான்னு கேட்டாரே... அதுக்கு மட்டும்தான் நான் பொய் சொன்னேன்."